கொக்கியில் மாட்டிய வீடு

பல்லடத்தில் கோழித்தீவனம் சுமந்த பெட்டி அது.
பண்ணை நொடித்து ஏலத்துக்கு வந்தபோது
பதினெட்டாயிரத்துக்குக் கேட்டு இழுத்து வந்தார்.
கணபதிப் பட்டறையில்
ஆறு மாதம், ஞாயிற்றுக்கிழமை மட்டும்
அறுத்தார், பற்றவைத்தார், சன்னல் திறந்தார்.
மடித்தால் மேசை. விரித்தால் கட்டில்.
மேலே மூன்று கோட்டு வெள்ளை பெயின்ட்.
"இனி லாட்ஜுக்குக் காசு அழுவ வேண்டீதில்ல, பாரு."
பார்த்தேன்.
தகடு சேரும் இடுக்கிலிருந்து
சோளத்தவிட்டு வாசனை எனக்கு அன்றே மூக்கில் ஏறியது.
சொல்லவில்லை.

பண்ணாரியில் கற்பூரம் காட்டி
செக்போஸ்ட்டில் நின்றோம்.
பெயர்: பொங்கியண்ணன். ஆள்: இரண்டு.
வண்டி வகை என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் தயங்கியது.
காவலர் வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு
'வீடு' என்று எழுதினார்.

திம்பம் வளைவுகள் இருபத்தேழு.
ஒவ்வொன்றிலும் நாங்கள் திரும்பி முடித்த பிறகுதான்
அது திரும்பியது,
மனமில்லாமல் கல்யாணத்துக்கு வரும் பங்காளி மாதிரி.
ஒன்பதாவதில் கரும்பு லாரி, மூஞ்சிக்கு நேராக.
பின்னால் எடுக்கவேண்டும்.
இடப்பக்கம் ஒடித்தால் பெட்டி வலப்பக்கம் போனது,
வலப்பக்கம் ஒடித்தால் பள்ளத்தைப் பார்த்தது.
மேலேயும் கீழேயும் ஹாரன்.
பட்டறையில் நூலளவு பிசகாத மனிதருக்குச்
சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.
லாரிக்காரர் இறங்கி வந்து
"சாவியக் குடுங்கண்ணா" என்றார்.
ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தை மட்டும் பிடித்தார்.
கை போன பக்கமே பெட்டியும் போனது.
அவ்வளவுதான்.
இவர் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலமலைக்கு அந்தப் பக்கம்
வனத்துறை காட்டிய மேட்டில் சக்கரத்துக்குக் கல் வைத்தோம்.
மாசிக் காடு. இலை உதிர்ந்த வெக்காலி மரங்கள்,
கீழே உண்ணிச்செடிப் புதர்.
அடுப்பை எடுத்ததும் வாட்ச்சர் ஜடையா
"பெங்கி பேட" என்றார்.
நெருப்பு கூடாதாம். கட்டுச்சோறு இருந்தது, தின்றோம்.
பக்கிக் குருவி ஒன்று
ஒரே ஆணியை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.
மற்றபடி சத்தம் என்று ஒன்றுமில்லை.
இருபது வருஷமாக கம்ப்ரஸர் தாலாட்டில் உறங்கியவர்
புரண்டு புரண்டு படுத்தார்.
"இத்தன அமைதி உடம்புக்கு ஆகாது புள்ள."

ரெண்டு மணிக்கு மேலிருக்கும்.
பெட்டி லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது.
வெளியே தகட்டோடு ஈரமாக ஏதோ உரசி நகர்ந்து
என் தலைமாட்டு இடுக்கில் வந்து நின்றது.
உள்ளிழுத்த ஒரு நீண்ட மூச்சு.
மூன்று கோட்டுப் பெயின்ட்டைத் தாண்டி
நான் ஆறு மாதம் சொல்லாததை
ஒரே மூச்சில் அது கண்டுபிடித்துவிட்டது.

"சோளம்" என்றார், காற்றாக.
"தெரியும்" என்றேன்.
"எப்பருந்து?"
"வாங்கின அன்னிக்கிருந்து."
"சொன்னா என்னொ?"
"கேட்டிங்களா?"
யானையைச் சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்திவைத்து
உதட்டளவில் நாங்கள் சண்டை போட்டோம்.
ஒரு ரிவெட் முனகியது.
இருவரும் வாயை மூடினோம். என் மணிக்கட்டை
அவர் பிடித்திருந்தார், வைஸில் வைத்ததுபோல்.
அப்புறம் புதர் முறியும் சத்தம். தூரமாக. இன்னும் தூரமாக.

விடிந்து பார்த்தால்
வெள்ளைத் தகட்டில் ஆள் உயரத்துக்கு மேல் செம்மண் கோடு.
படிக்கட்டுத் தகடு அப்பளமாக மடங்கியிருந்தது.
முன்னால் போகும் தடத்தில் குறுக்கே ஒரு மரம்.
நானூறு அடி பின்னாலேயே போகவேண்டும்
என்று ஜடையா கையால் காட்டினார்.

சாவியை நீட்டினேன் என்று சொல்ல முடியாது.
கையை நீட்டினேன். அவர் வைத்தார்.
அடிப்பக்கத்தைப் பிடித்தேன்.
வீடு முன்னே போனது,
நாங்கள் வந்த தடத்தையே மோப்பம் பிடித்தபடி.
கண்ணாடியில் அவர், ஒரு விரலளவு,
"லெப்ட்டு, லெப்ட்டு... ஐயோ, ரைட்டு!"
இரண்டு கைகளையும் வீசிக்கொண்டிருந்தார்,
நான் வந்து சேர்ந்து
என்ஜினை அணைத்த பிறகும்.